சொந்த அலுவல்

லீவுப் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்துக்குள் வருடக்கணக்காக இரண்டே சொற்களைத்தான் எழுதி வருகிறேன்: சொந்த அலுவல். கல்யாண வீடு, வைத்தியம், காணிப் பிரச்சினை என்று மற்றவர்கள் எழுதும் இடம் அது. என் அலுவல் இன்னதென்று விளக்க அந்தக் கட்டம் போதாது. சென்ற மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு சீகிரியாவுக்கு பஸ் ஏறினேன்.

நான் மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் முகாமைத்துவ உதவியாளர். காலை 8.30 முதல் மாலை 4.15 வரை கோவைகளோடு வேலை. அதற்கு வெளியே எனக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. கறுப்பு வெள்ளை பிலிமில் படம் எடுத்து, வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கி, நானே கழுவிப் பிரதி போடுவது ஒன்று. ஈய எழுத்துக் கோத்து, கையால் இழுக்கும் சின்ன அச்சு மெஷினில் ஓரிரு பக்கம் அடிப்பது மற்றது. இரண்டையும் சேர்த்து மடிப்புத் தாள்கள் செய்கிறேன். இடப்பக்கம் ஒரு படம் ஒட்டியிருக்கும், வலப்பக்கம் பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். ஒவ்வொன்றிலும் 50 பிரதிதான். அடுத்த தாள் சீகிரியாவைப் பற்றியது என்று முடிவெடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

கந்தோரில் இதைப் பொழுதுபோக்கு என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். நண்பர்கள் வேறு மாதிரி: இவ்வளவு ஆசை இருந்தால் வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமே என்பார்கள். இரண்டு பேச்சுமே எனக்குப் பொருந்தவில்லை என்று எப்போதோ தெரியும். ஏன் பொருந்தவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத்தான் வராமல் இருந்தது.

கூட வந்தவரை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். மாத்தளை அச்சகங்களில் நாற்பது வருடம் கம்பாசிட்டராக இருந்தவர். கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ் என்று இந்த ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவர் விரலில் பட்டுத்தான் வெளியே வந்தது. ஓப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்து கடைசி அச்சகமும் ஈயத்தை எடைக்குப் போட்டபோது, நான்கு கேஸ் எழுத்தை மட்டும் தன் சம்பளப் பாக்கிக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். அந்த கேஸ்களில் இன்றும் பழைய லையும் ணையும் இருக்கின்றன, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு. தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு விடைபெற்ற வடிவங்கள் அவை. ஐயாவின் கையில் அவை ஒரு நாளும் ஓய்வு பெறவில்லை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போனால் அளுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாகவே வந்த திரிபிடகத்தைப் பிக்குமார் முதன்முதலாக ஓலையில் எழுதிவைத்த இடம் என்பது மரபு. சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்த இடம்தான். அன்று ஐயா, "இறங்கிட்டுப் போவோம் தம்பி, எழுத்தோட வேலை செய்யிறவன் இதத் தாண்டிப் போகக்கூடாது" என்றார். இறங்கினோம்.

அங்கே ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணி ஓடுகிறது. ஓடி முடித்த பிறகும் ஓலையில் ஒன்றும் தெரிவதில்லை. வெறும் கீறல்தான். பிறகு கரியும் எண்ணெயும் கலந்த கறுப்பு மையை ஓலை முழுக்கப் பூசித் துடைக்கிறார்கள். மேற்பரப்பு மறுபடி சுத்தமாகிறது, கீறலுக்குள் இறங்கிய மை மட்டும் நிற்கிறது. நொடியில் வரி முழுக்க எழுந்து வருகிறது. டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாளில் படம் மெல்ல ஏறி வருவதை நான் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். அதே மாதிரி நெஞ்சு படபடத்தது. ஐயா பார்த்தது வேறு. "நமக்கு எழுத்து மேல நிக்கும், மை மேல ஒட்டும். இவங்களுக்கு எழுத்துப் பள்ளம், மை உள்ளுக்கு. தலைகீழ்" என்றார், ஒரு தொழில்காரன் இன்னொரு தொழிலை மதிக்கும் குரலில்.

தமிழ் எழுத்து ஈயத்துக்கு ஏறிய கதை பெரியது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதில் முதற்படி. இலங்கையில் ஒல்லாந்தர் 1730களில் கொழும்பில் அச்சுக்கூடம் வைத்து சிங்கள எழுத்துகளை வார்த்தார்கள். நாங்கள் சீகிரியா போகும் வழியில் நின்ற இடம் அதற்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தியது. நாலந்தை, நாவுல தாண்டி, தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கு நடுவே பஸ் மாறி, இனாமலுவைச் சந்தியில் திரும்பும்வரை ஐயா அங்கே கிடைத்த ஓலை நறுக்கு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சந்தியில் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு மேலே பாறை தெரியத் தொடங்கும். சுற்றியுள்ள சமதரையிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரம். தகப்பனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த காசியப்பன் 477 முதல் 495 வரை இதன் மேலிருந்து ஆண்டான் என்று மகாவம்ச வழிக் கதை. யுனெஸ்கோ 1982இல் இதை உலக மரபுரிமையில் சேர்த்தது. அடிவாரத்து நீர்த்தோட்டங்களை வேகமாகக் கடந்தோம். மழைக்காலத்தில் அங்குள்ள கல் நீரூற்றுகள் இன்றும் பீச்சும், மாசியில் அவை காய்ந்து கிடந்தன.

பாறைத் தோட்டத்தில் ஐயாவுக்காக ஓரிடத்தில் உட்கார்ந்தபோது கமராவை வெளியே எடுத்தேன். 120 பிலிம், ஒரு ரோலுக்கு 12 படம். கொண்டு வந்தது ஒரே ரோல். இங்கே படம் எடுக்க வந்த முன்னோர்களில் ஜோசப் லோட்டன் என்று ஒருவர் உண்டு. கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஆள் உட்கார வைத்துப் படம் எடுப்பது அவர் பிழைப்பு. 1870–71இல் அரசாங்கம் அமைத்த தொல்பொருள் குழுவுக்காக அநுராதபுரம், பொலனறுவை, சீகிரியா என்று காடு காடாக அலைந்தார். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலம். தகடுகளும் மருந்துகளும் பெட்டிகளுமாக ஆட்கள் சுமந்து வர வேண்டும். 1872இல் அவர் இறந்துபோனார். அவர் கண்டி ஸ்டூடியோவில் எடுத்த முகங்கள் யாருக்கும் நினைவில்லை. காட்டுக்குள் எடுத்த படங்களை இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த முகங்கள் கொடுத்த காசு இல்லாமல் இந்தப் படங்கள் வந்திருக்காது என்பதை நான் மறப்பதில்லை.

இரும்புச் சுழல்படி ஏறினால் ஓவியக் குடைவு. அங்கே படம் எடுக்கத் தடை. காவலர் கமராவைப் பார்த்ததும் கையைக் காட்டினார், நான் மூடியைப் போட்டு முதுகுக்குத் தள்ளினேன். இதில் எனக்கு வருத்தம் கிடையாது. கையில் கமரா இல்லாமல் ஓர் ஓவியத்தின் முன் நிற்பது எனக்கு அபூர்வம். மேகத்துக்குள் இடுப்புவரை மறைந்து பூவேந்தி நிற்கும் அந்தப் பெண்களைச் சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் தீட்டியிருக்கிறார்கள். ஓர் உருவத்தில் ஓவியன் கையின் நிலையை மாற்றி வரைந்திருக்கிறான். முதலில் போட்ட கோடு இன்னும் மங்கலாகக் கீழே தெரிகிறது. அந்தக் கோட்டின் முன் நெடுநேரம் நின்றேன். 1967 ஒக்டோபரில் ஓர் இரவு யாரோ இந்த முகங்களில் பச்சை வர்ணத்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். லூசியானோ மரான்சி என்ற இத்தாலிய வல்லுநர் வந்து பொறுமையாக மீட்டுக் கொடுத்தார்.

இந்த ஓவியங்களை முதலில் பிரதி எடுத்தவரின் கதைதான் எனக்கு மிகவும் வேண்டியது. அலிக் மறே. பொதுவேலைத் திணைக்களத்து எஞ்ஜினியர். ரோடும் பாலமும் அவர் உத்தியோகம். 1889இல் ஆளுநர் ஆர்தர் கோர்டனின் வேண்டுகோளில் இந்தக் குடைவுக்கு ஏறினார். அப்போது படி கிடையாது. பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பி நட்டு, அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அந்தத் துளைகளைப் போட்டுக் கொடுத்தவர்கள் தமிழ்க் கல்வேலைக்காரர்கள். அவர்கள் பெயர் நான் வாசித்த எதிலும் இல்லை. குடைவுக்குள் சாரம் கட்டி, மல்லாந்து படுத்து, மெல்லிய தாளை ஓவியத்தின் மேல் வைத்து மறே கோடெடுத்தார். சில வருடம் கழித்து, 1896–97இல், தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல்லின் கீழ் வரைவாளராக இருந்த டி.ஏ.எல். பெரேரா எண்ணெய் வர்ணத்தில் முழுப் பிரதிகள் தீட்டினார். கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மறேயும் பெரேராவும் அரசாங்கச் சம்பளத்தில் இருந்தவர்கள். ஒருவர் எஞ்ஜினியர், ஒருவர் வரைவாளர்.

குடைவிலிருந்து இறங்கினால் கண்ணாடிச் சுவர். இதற்காகத்தான் வந்தோம்.

பாறையை ஒட்டி நடைபாதை. அதன் வெளிப்புறத்தில் ஆள் உயரத்துக்கு மேலான செங்கல் சுவர். உட்புறம் சுண்ணச் சாந்து பூசி, முகம் தெரியுமளவுக்குத் தேய்த்து மெருகிட்டிருந்தார்களாம். இப்போது தேன் நிறம். நேரே நின்று பார்த்தால் பழைய சுவர், அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் அப்படிப் பார்த்துவிட்டுச் சிங்கப் பாதம் பார்க்க நடையைக் கட்டுகிறார்கள். நானும் முதலில் ஒன்றும் காணவில்லை.

ஐயாதான் வழி காட்டினார். கோத்த எழுத்தைச் சட்டத்தில் வைத்து அச்சுப் பாரத்தை இறுக்கியதும் அவர் ஒரு வேலை செய்வார். குனிந்து, கண்ணை எழுத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய், பாரத்தின் மேலே பக்கவாட்டில் பார்ப்பார். ஏதாவது ஓர் எழுத்து ஒரு மயிரிழை தூக்கியிருந்தால் அப்போதுதான் தெரியும். அதே மாதிரி இங்கேயும் தடுப்புக் கம்பிக்கு இப்பால் நின்று, தலையைச் சாய்த்து, சுவரின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டினார். "தம்பி, இங்க வா. நேர பாக்காத. படுக்கப் போட்டுப் பாரு."

பார்த்தேன். சுவர் முழுக்க எழுத்து.

ஊசியால் கீறியது போல மெல்லிய வரிகள், ஒன்றின் மேல் ஒன்று, சில நேராக, சில சரிந்து. மேலிருந்து வழியும் வெளிச்சம் ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் ஒரு நூல் அளவு நிழல் வைத்திருந்தது. தலையை நிமிர்த்தினால் மறைந்துவிடும், சாய்த்தால் திரும்பி வரும். என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். இந்த எழுத்து அதற்குப் பிடிபடவில்லை. பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. காசியப்பன் போய் முந்நூறு வருடத்துக்குப் பிறகு, பாழடைந்த அரண்மனையைப் பார்க்க வந்த ஆட்கள், மேலே ஓவியப் பெண்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, இந்தச் சுவரில் கவிதை எழுதிவைத்தார்கள். பரவசப்பட்டவர்கள் உண்டு, இந்தப் பெண்கள் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்களே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. பெண்கள் எழுதியதும் இருக்கிறது. செனரத் பரணவிதான 685 பாடல்களை வரிவரியாக வாசித்து, 1956இல் இரண்டு தொகுதிகளாக ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாகக் கொண்டுவந்தார். 1940 முதல் தொல்பொருள் ஆணையாளர் பதவியின் பாரத்தையும் சுமந்தபடி.

என்னை நிறுத்திவைத்த விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சுவரில் பலர் தங்கள் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். சிலர் ஊரையும், சிலர் தங்கள் நிலையையும் எழுதியிருக்கிறார்கள். பிக்கு, அரச அலுவலர், படைவீரர், கைத்தொழிலாளர் என்று பல தரப்பட்டவர்கள். நான் இன்னார், இது என் எழுத்து என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கவிதை எழுதுவதற்காக யாரும் தொழிலை விட்டுவிட்டு வந்ததாகத் தெரியவில்லை. தொழிலை மறைத்ததாகவும் தெரியவில்லை. கந்தோர் ஆள் ஒருவன் ஒரு நாள் லீவில் வந்து, கல்லேறி, நாலு வரி எழுதிவிட்டுத் திரும்பிப் போய் மறுநாள் கணக்குப் பார்த்திருப்பான். அவன் எழுதியது ஆயிரம் வருடம் கழித்தும் சிங்கள இலக்கியத்தின் அடித்தளங்களில் ஒன்றாக நிற்கிறது. அவன் கணக்கும் அவன் கவிதையும் ஒரே கையால் எழுதப்பட்டவை. எனக்குச் சொல்ல வராமல் இருந்தது இதுதான். என் பகல் வேலை என் படங்களிடமிருந்து எதையும் திருடவில்லை. பிலிமுக்கும் தாளுக்கும் அதுதான் காசு கொடுக்கிறது. அதற்கு மேலாக, கோவையில் ஒரு திகதி பிழைத்தால் ஒரு கிழவியின் கொடுப்பனவு நின்றுவிடும் என்ற கவனத்தை அதுதான் கற்றுக் கொடுத்தது. அந்தக் கவனத்தோடுதான் எழுத்துக் கோக்கிறேன்.

12 படத்தில் 9ஐ அந்தச் சுவரில் செலவழித்தேன். பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், நின்று நிதானிக்க விட மாட்டார்கள். எஃப் 4, முப்பதில் ஒரு விநாடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சரிந்த கோணத்தில். உச்சிக்குப் போகவில்லை. ஐயாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, எனக்கும் மேலே அலுவல் இருக்கவில்லை.

சிங்கப் பாதத் திட்டில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். மேலே பாறையில் குளவிக் கூடுகள் தொங்குவதால் சத்தம் போடக்கூடாதென்று பலகை வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த குரலில் ஐயா டொமினிக் ஜீவாவைப் பற்றிச் சொன்னார். அச்சுத் தொழிலில் இருந்த எவருக்கும் அவர் மேல் ஒரு தனி மரியாதை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் முடி திருத்தும் சலூன். அந்தச் சலூனிலிருந்துதான் 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' வெளிவந்தது. கையால் எழுத்துக் கோத்து அடித்த இதழ். அவரே கட்டாகச் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார். 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்கு அதற்கு முன்பே சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். சலூன்காரர் என்பதை ஒரு நாளும் அவர் ஒளித்ததில்லை. "கத்திரிக்கோல் பிடிச்ச கையிலதான் ப்ரூஃப் பாத்தார்" என்றார் ஐயா. ஜீவா 2021இல் மறைந்தபோது ஐயா தன் கேஸ்களின் முன் விளக்கேற்றி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

நான் லயனல் வெண்ட்டைச் சொன்னேன். சட்டமும் பியானோவும் லண்டனில் படித்து, 1924இல் திரும்பி, வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, இந்த நாட்டின் ஒளியைப் புகைப்படத்தில் எப்படிப் பிடிப்பது என்று காட்டியவர். ஓவியர்களின் '43 குழு' அவர் வீட்டில்தான் உருவானது. 1944இல், 44 வயதில் போய்விட்டார். அவரது நெகடிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன, பிரதிகள்தான் மிஞ்சின. அவர் வேலையை விட்டவர், விடும் வசதி இருந்தவர். அவர் தகப்பன் உச்ச நீதிமன்ற நீதியரசர். நீதியரசரும் ஓய்வு நேரத்தில் கமரா தூக்கியவர்தான். மகனின் படங்களை நான் வணங்குகிறேன், ஆனால் என் வழி தகப்பனுடையது.

"அந்தக் காலத்தில படம் அச்சடிக்கிறதுன்னா பெரிய பாடு" என்றார் ஐயா. படத்தைக் கொழும்புக்கு அனுப்பி புளொக் எடுப்பிக்க வேண்டும். பத்திரிகைத் தாளுக்கு அங்குலத்துக்கு 65 கோடு, ஆர்ட் தாளுக்கு 133. துத்தநாகப் புளொக் மரக்கட்டையில் ஆணியடித்து வரும். பார்சல் வரும்வரை பக்கம் காத்துக் கிடக்கும். அதனால்தான் எங்கள் தாளில் படத்தை அச்சடிக்காமல் அசல் பிரதியையே ஒட்டுகிறோம்.

சனிக்கிழமை இரவு பிலிமைக் கழுவினேன். டெவலப்பர் 20 பாகையில் இருக்க வேண்டும். மாத்தளைக் குழாய்த் தண்ணீர் அதற்கு மேல் போகும், ஐஸ் கட்டியைப் பையில் கட்டி மிதக்கவிட்டு இறக்குவேன். 9 நெகடிவில் 7இல் சுவர் சுவராகவே இருந்தது. எட்டாவது ஆடிப்போயிருந்தது. ஒன்றில் மட்டும், கீழ் மூலையிலிருந்து மேல் நோக்கி, நான்கு வரி எழுத்து நிழலோடு நின்றது. வன்மையான தாளில் போட்டு, ஓரங்களைக் கையால் மறைத்து மறைத்து ஒளி கொடுத்து, நள்ளிரவு தாண்டி ஒரு பிரதி தேறியது.

ஞாயிறு ஐயா வீட்டில் எழுத்துக் கோத்தோம். பத்து வரி மதியத்துக்குள் முடிந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் வழக்கமாகப் பிரதி எண்ணும் திகதியும் மட்டும் போடுவோம். இந்த முறை என் பெயரையும் போட வேண்டும் என்றேன். ஊர், மாத்தளை. தொழில், முகாமைத்துவ உதவியாளர். ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தொழிலுமா?" என்றார். ஆமென்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை எடுத்தார்.

12 பொயிண்டில் மிஞ்சியிருந்த ஒரே 'மு' நாற்பது வருடம் எத்தனை முன்னிட்டுகளையும் முகூர்த்தங்களையும் அடித்து முகம் தேய்ந்திருந்தது. முதல் இழுப்பில் அது பாதிதான் விழுந்தது. ஐயா பாரத்தைத் தளர்த்தி, அந்த எழுத்தை மட்டும் இடுக்கியால் தூக்கி, சிகரெட் பெட்டியின் உள்தாளில் நகக்கண் அளவு கிழித்து, எச்சில் தொட்டு அடியில் ஒட்டி, மறுபடி இறக்கி இறுக்கினார். குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இழு" என்றார்.

விழுந்தது. 49 பிரதி மிச்சம் இருந்தது. விடிந்தால் திங்கள், 8.30க்குக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் இருட்டும்வரை இழுத்தோம்.